கழுவி வைத்த வண்டி
ஜீயபுரத்து வாழைத்தோட்டத்தில் காலை வெயில் சாய்வாக இறங்குகிறது. ஒன்பது மணிக்குச் செல்லக்கிளி ஸ்ரீரங்கம் தபாலாபீஸில் முதல்நாள் வேலைக்குச் சேர வேண்டும். பஸ் போயாகிவிட்டது. அவளைக் கொண்டுபோய் விடுவதற்கென்றே புருஷன் சின்னையன் நேற்று வாய்க்காலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பைக், வாசலில் பளபளவென்று நிற்கிறது. செல்ஃபை அழுத்துகிறான். என்ஜின் கிர்கிர்ரென்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. பெட்ரோல் இருக்கிறது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியும் ஆயிற்று, விரலெல்லாம் கரி. “அழுக்கா இருந்தப்ப ஒரே அழுத்துல கிளம்புச்சு. குளிப்பாட்டினதும் கோவிச்சுக்கிச்சுங்க,” என்கிறாள் செல்லக்கிளி. “சும்மா இரு புள்ள.” அவள் புதுச் சேலையின் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் குனிகிறாள். சைலன்சரின் வாயில் வாழைச்சருகு உருட்டி அடைத்திருக்கிறது. “இது யாரு வச்சதுங்க?” “கழுவறப்ப தண்ணி உள்ள போயிரக் கூடாதேன்னு...” அவன் விரலை விட்டு இழுக்கிறான். ஈரச்சருகு நீளமாக வருகிறது. அடுத்த அழுத்தில் வண்டி பொக்கென்று புகைவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. அவள் சிரிப்பை அடக்கியபடி ஏறி, ஆர்டர் காகிதம் இருக்கும் பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். “மணி எட்டே காலுதான், பறந்துரலாம்.” “பறக்கல்லாம் வேணாங்க. கடைத்தெருவுல மெதுவாவே போங்க, எல்லாரும் பாக்கட்டும்.”