விடவேண்டிய மீன்

யாரா ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் விக்னராஜா குனிந்து நிற்கிறார். நனைத்த கைகளுக்குள் ஒரு மரே கொட் மீன் கிடக்கிறது. அவர் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரியது. அளவு மிஞ்சிய மீனை, இனம் பெருகட்டும் என்று திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது குடிவந்த இந்த நாட்டுச் சட்டம். வாரம் முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கிய தோள் கடுக்கிறது. கரையில் மனைவி பவளம் படம் எடுக்கப் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "நெஞ்சுக்கு நேரே தூக்குங்கோ. கனடாவில அண்ணை நம்ப வேண்டாமே?" "அந்தரத்தில தூக்கினா அதின்ர பாரமே அதை முறிச்சுப்போடும். இப்பிடியே எடும்." "பிள்ளை குளிப்பாட்டிற மாதிரியெல்லோ கிடக்கு! துவாயால ஒருக்காத் துடையுங்கோ, மினுங்கும்." "துடைச்சா வழுவழுப்புப் போயிடும். பிறகு புண் பிடிச்சுச் செத்துப்போம், பவளம்." தூண்டிலோடு மல்லுக்கட்டிக் களைத்த மீனின் செவுள் மெல்லத் திறந்து மூடுகிறது. வாலில் அசைவில்லை. அவர் அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி, வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மங்கல் வெயில் தண்ணீரில் ஆடுகிறது. கடைசியில் வால் ஒருமுறை அடிக்கிறது. மீன் கலங்கல் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார். "படம் எடுத்தனீரோ?" "இல்லையப்பா," என்கிறாள். "அது நீந்துமோ எண்டு பாத்துக்கொண்டே நிண்டிட்டன்."