ஐந்தாவது ஆள்

அவள் வாசலிலேயே நின்றாள்.

செருப்பைக் கழற்றினாள். கொண்டை ஊசியை உருவிக் கணவன் கையில் கொடுத்தாள். கதவின் பித்தளைக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பட்டாசு ஆலையில், வெடிமருந்து அடைக்கும் மருந்து அறைக்குள் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். தொட்டால் உடம்பிலிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொடுத்தவர் போர்மேன் இருளப்பன். கண்ணில் ஒற்றிக்கொள்ள யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் இது தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியின் அறை.

"கோயில்னு நெனச்சிட்டாங்க போல," என்றார் கம்பெனி வக்கீல்.

"உள்ள வாங்கம்மா," என்றார் அதிகாரி.

அவள் பார்வை ஒவ்வொருவராகத் தொட்டு வந்தது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் தட்டச்சர். எதிரே வக்கீல். சுவரோரப் பெஞ்சில், கம்பெனியின் சாட்சியாக, இருளப்பன். நெற்றி நிறையத் திருநீறு. பார்வை தரையில்.

நான்கு பேர்.

அவள் காலை உள்ளே வைக்கவில்லை.

மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரில் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. தீபாவளி நெருங்க நெருங்க அந்த எழுத்தை யாரும் பார்ப்பதில்லை.

அன்று மாடத்தி, காளீஸ்வரி, பொன்னுத்தாய், ஜெபராணி.

பிறகு அவள். "இன்னிக்கி நீயும் இங்க உக்காரு தாயி," என்று உட்காரவைத்தவர் இருளப்பன்.

ஜெபராணிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏ அஞ்சாவது ஆளு, நீதான் கணக்குலயே இல்லயே. போய்த் தண்ணி கொண்டா. நாக்கு ஒட்டுது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

குழாயடியில் குடம் நிறைந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

சத்தம் கேட்டதா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அறை இருந்த இடத்தில் வானம் இருந்தது.

குடம் இடுப்பிலேயே இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அதற்குப் பிறகு அவளால் வீட்டுக்குள் படுக்க முடியவில்லை. உள்ளே கணவன், நாத்தனார், இரண்டு பிள்ளைகள். அவள் வாசலில், பனியில், கண் மூடாமல் கிடந்தாள். ஒரு நாள் கணவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான். "நீ உள்ள போ புள்ள," என்றான்.

அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் தூங்கினாள்.

மனதில் அடிபட்டிருக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரி மருத்துவர் சொன்னார். வைத்தியம் நீளும் என்றார். இனி எந்த ஆலைக்குள்ளும் அவளால் போக முடியாது. இழப்பீடு வந்தால்தான் வைத்தியம். வைத்தியம் நடந்தால்தான் அவள்.

"ஒரு கீறல் இருக்கா கேளுங்க சார்," என்றார் வக்கீல். "அந்த அறையில இருந்தது நாலு பேரு. நாலு பேரும் போயிட்டாங்க. இந்தம்மா அன்னிக்கி வேலைக்கே வரல. போர்மேனே இப்பதான் சொன்னாரு."

இருளப்பன் சொன்னதை, கூப்பிடுமுன் வெளியில் காத்திருந்தபோது அவளும் கேட்டாள். நாலு பேருதான் சார் என்றிருந்தார்.

"உள்ள வந்து வாக்குமூலம் குடுத்தாத்தாம்மா ஆகும்," என்றார் அதிகாரி. "இல்லேன்னா மனுவத் தள்ளுபடி பண்றதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அவள் பாதம் வாசற்படியைத் தொட்டது. பாதம் வாசற்படியைத் தொட்டது. பின்னால் வந்தது.

கணவனுக்குத் தெரியும், அவள் ஏன் நிற்கிறாள் என்று. ஆனால் அவன் ஏற்கெனவே வெளியில்தான் நிற்கிறான்.

தட்டச்சர் தாளைச் செருகினார்.

அப்போது பெஞ்சு கிரீச்சிட்டது.

இருளப்பன் எழுந்திருந்தார்.

"எங்க போறீங்க? ஒங்க சாட்சி இன்னும் முடியல," என்றார் அதிகாரி.

"நான் வெளிய போறேன் சார். அஞ்சாவது ஆளா அது இனி உள்ள வராது."

சொல்லிவிட்டு நடந்தார். வாசலில் அவளைக் கடக்கும்போது ஒதுங்கினார், கர்ப்பக்கிரகத்தின் முன் ஒதுங்குவதைப்போல.



அவள் கைப்பிடியைத் தொட்டாள். கண்ணில் ஒற்றினாள். உள்ளே வந்தாள்.

அதிகாரி தட்டச்சர் பக்கம் திரும்பினார். "அவர் கடைசியாச் சொன்னத அப்படியே அடிங்க."

தனக்கு வைத்திருந்த தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல இதக் குடிங்கம்மா."

அவள் தம்ளரை எடுத்தாள்.

குடிக்கவில்லை. தண்ணீரையே பார்த்தாள். பிறகு திரும்பி வாசலுக்கு நடந்தாள்.

வெளியே சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார் இருளப்பன். திருநீறு சுவரில் அப்பியிருந்தது.

"அண்ணாச்சி," என்றாள். "தண்ணி."

தம்ளரை நீட்டினாள்.

இந்த முறை சிந்தியது. அவள் கையெல்லாம், அவர் பாதமெல்லாம்.