சணல் கட்டு

“கட்டைப் பிரிங்க சார்.”

பதிப்பாளரிடம் அதை மட்டும் கேட்காதே, அடுத்த புத்தகம் போடமாட்டார் என்று எழுதுகிற நண்பர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். என் முதல் நாவலை முந்நூறு பிரதி அடிக்க, இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம்பிடித்ததைக் கொடுத்திருந்தேன். அவர் அலுவலக மூலையில் என் நாவலின் அட்டை தெரிய, ஐம்பது ஐம்பதாக ஆறு கட்டுகள் இருந்தன.

“எழுத வந்த புள்ள இதையெல்லாம் பிரிச்சு எண்ணுவியா? அது மூட்டை தூக்குறவன் வேலைம்மா.”

“எங்கப்பா மூட்டை தூக்கித்தான் சார் என்னப் படிக்க வச்சாரு.”

ஒரு கட்டின் சணலை நானே அறுத்தேன். மேலே ஒன்றும் அடியில் ஒன்றும் என்னுடையவை. நடுவில் முழுக்க வேறொரு பெண்ணின் கவிதைத் தொகுப்பு, பழுப்பேறிக் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் அவளுடைய கைபேசி எண்.

“உக்காரும்மா, பேசிக்கலாம்.” முதல்முறையாக எனக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் புத்தகத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை அழுத்தியபடியே படியிறங்கினேன்.