பன்னிரண்டாவது மேஜை

பல்கலைக்கழகத்தின் தகவல் பாதுகாப்புத் தலைவி செண்பகவல்லி உள்ளே வந்தால் தேர்வுப் பிரிவில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. எழுந்து நின்று கீபோர்டைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். போன வருஷம் கீபோர்டுக்கு அடியில் கடவுச்சொல் எழுதிய சீட்டு ஒட்டியிருந்ததற்காக ஞானசெல்வி என்ற கிளார்க்கை சஸ்பெண்ட் செய்ய வைத்தவள் அவள். இன்று பதினொரு மேஜைகளிலும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவது ஞானசெல்வியுடையது; அவள் சஸ்பெண்ட் ஆன பிறகு அங்கே யாரும் உட்காரவில்லை. வந்ததற்குப் பார்த்துவிடலாம் என்று அந்தக் கீபோர்டை அவளே திருப்பினாள். அடியில் ஒரு சீட்டு. ஒட்டியிருந்த டேப் பழுப்பேறி, ஓரமெல்லாம் தூசி ஏறியிருந்தது. இரண்டு முறை படித்தாள். மாணவர்களின் மதிப்பெண்கள் அத்தனையையும் திறக்கும் அவளுடைய கடவுச்சொல். இன்று காலைதான் அறையைப் பூட்டிக்கொண்டு அதை மாற்றியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை.

"என்ன மேடம், ஏதாவது இருக்கா?" பின்னால் கண்காணிப்பாளர் அந்தோணிராஜ் படிவமும் பேனாவுமாக நின்றார். பதினொரு பேரும் கவிழ்த்த கீபோர்டுகளை இன்னும் கையில் ஏந்தியிருந்தார்கள்.

அவள் கீபோர்டைப் பழையபடி வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

அவர் எழுதவில்லை. "ஞானசெல்வியும் அதை யார் ஒட்டினதுன்னே தெரியலன்னுதான் மேடம் சொல்லிச்சு."