சூடு சேர்க்காத மாடல்

மேசையின் தலைமாட்டில் மேலாளர் திருவேங்கடம், அவருக்கு வலப்பக்கம் பொறியாளர் மங்கையர்க்கரசி, கதவோரம் வலது கையில் கட்டோடு சோதனைக்கூட ஊழியர் இசக்கிமுத்து. ரேடியோ டிரான்ஸ்மிட்டரில் மாட்டிய பவர் டிரான்சிஸ்டர் வெடித்து அவர் கை வெந்துவிட்டது. அவ்வளவு மின்சாரத்தையும் அது தாங்கும் என்றுதான் மங்கையர்க்கரசி கணினியில் செய்த மாடல் காட்டியிருந்தது.

"சூடாகறதுக்கு முன்னாலயே கரெண்டை நிறுத்தி நிறுத்தி அளக்கச் சொன்னீங்க சார். அந்த அளவை வச்சுச் செஞ்ச மாடலுக்குச் சூடுன்னா என்னன்னே தெரியாது," என்றாள் மங்கையர்க்கரசி.

"இப்பச் சூட்டையும் சேர்த்தா?" என்றார் திருவேங்கடம்.

"ரெண்டு மாசம் ஆகும்."

"வாங்கறவன் காத்திருக்க மாட்டான்மா. இசக்கி வயரை மாத்தி மாட்டிட்டார்னு அவனுக்குக் கடிதம் எழுதி வச்சாச்சு," என்று அந்தக் காகிதத்தை இசக்கிமுத்துவின் பக்கம் தள்ளினார்.

"நான் சரியாத்தான் மாட்டுனேன் சார். இதுல கையெழுத்துப் போட்டா என் வேலை போயிருமே," என்றார் இசக்கிமுத்து.

"போடலேன்னா வைத்தியமும் நின்னுரும். இடது கையால போடுய்யா. இந்தம்மா மாடல் மாதிரி ஏறக்குறைய இருந்தாப் போதும்."

இடது கை இழுத்த இழுப்புக்கெல்லாம் காகிதம் நகர்ந்தது. மங்கையர்க்கரசி எழுந்து வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று இசக்கிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவள் குனிந்து, காகிதம் நகராதபடி இரண்டு முனைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

திருவேங்கடம் கையெழுத்தான காகிதத்தை உறையில் போட்டு ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் நின்ற கூரியர்காரரிடம் கொடுத்தனுப்பினார்.