கேற்றடியில் பத்து நிமிசம்

கிட்ட வந்து இருங்கோ. சத்தம் போட்டுச் சொல்லுற கதையில்லை இது. எங்கட ஒழுங்கைச் சனத்துக்குக் காது நீளம்.

வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கை கடலடியில போய் முடியும். நடுவில யூஜினா அக்காவின்ர வீடு. எழுபத்தாறு வயசு, தனிக்கட்டை. பின்னேரம் ஐஞ்சு மணிக்கு அவ வாசல் கேற்றடிக்கு வந்தாவெண்டால், கடலடிக்கு நடக்கப்போற இராசரத்தினத்தாருக்குத் தப்ப வழியில்லை.

அவர் புதுக்கடை நீதிமன்றத்தில கிளாக்காய் இருந்து பென்சன் எடுத்தவர். நெஞ்சு நிமிர்த்தி நடக்கிற மனுசன்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ. தேங்காய் இப்ப என்ன விலை போகுது?"

"தம்பி, கனடாவில இருந்து மகள் போன் எடுத்தவவோ?"

போகேக்க பத்து நிமிசம். வரேக்கையும் அதே கேற்றடியில பத்து நிமிசம்.

"நெஞ்சு வருத்தக்கார மனுசனைப் பிடிச்சு வச்சு அரைக்கிறாவே," எண்டு முன்வீட்டு ஹபீலா போறவாறவைக்கெல்லாம் சொல்லுவா.

வருத்தம் உண்மைதான். நெஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோற குழாயில ஒண்டு முழுக்க அடைபட்டுப் போச்சு.

"நூறு வீதம் அடைப்பு," எண்டார் டொக்டர். "பக்கத்துச் சின்னக் குழாய்கள்தான் சுத்திவளைச்சு ரத்தம் குடுத்துச் சமாளிக்குது. கை ரத்தக்குழாய்க்குள்ளால வயர் விட்டுத் திறக்கலாம். ஆனால் லேசான வேலை இல்லை. நடக்கேக்க நொந்தால் செய்வம், நோகாட்டில் இப்போதைக்குக் குளிசை போதும். நோகுதோ?"

"ஒரு நோவும் இல்லை. கடற்கரை மட்டும் நடக்கிறனான்."

"இடையில நிண்டு நிண்டு போறீங்களோ?"

"நான் எங்க நிக்கிறன்? ஒரு மனுசி நிப்பாட்டிப் போடுது."

டொக்டர் சிரிச்சுக்கொண்டு மருந்துத் துண்டை எழுதினார்.

அவற்ற மனுசி பாலேஸ்வரி கிளினிக்கால நேர யூஜினா அக்காவிட்டத்தான் போனா.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. அவரை மறிச்சு வச்சுக் கதைக்காதேங்கோ. நடந்தால்தானாம் நெஞ்சுக்கு நல்லம்."

யூஜினா அக்கா கோபிக்கேல்லை. "சரி பிள்ளை. நாளைக்கு வாயே திறக்கமாட்டன். நீங்களும் அவரோட கூட நடந்து வாங்கோ."

அடுத்தநாள் புருசனும் மனுசியுமாய் வந்தினம். யூஜினா அக்கா பேசாமல் நிண்டா.

இராசரத்தினத்தாரின்ர நடை தளர்ந்தது. "என்னக்கா, இண்டைக்குத் தேங்காய் விலை கேக்கேல்லையோ?"

அவர் கேற்றுக் கம்பியைப் பிடிச்சார்.

"மகள் எடுத்தவ அக்கா. அங்க சரியான குளிராம்."

"அவதான் மறிக்கேல்லையே, வாங்கோவன்," எண்டு பாலேஸ்வரி அவற்ற கையைப் பிடிச்சு இழுத்தா. கை வேர்த்து ஈரமாய் இருந்தது. மற்றக் கை கேற்றுக் கம்பியை விடேல்லை. முகம் சாம்பல் பூத்துப்போய்க் கிடந்தது.

யூஜினா அக்கா கிட்ட வந்து அவவின்ர காதுக்குள்ள மட்டும் சொன்னா: "இழுக்காதேங்கோ பிள்ளை, நிக்கட்டும். போன மாரியில ரெண்டு நிமிசம் நிண்டால் நோ போயிடும், இப்ப பத்தும் போதாது. நெஞ்சைப் பொத்திக்கொண்டு தெருவில நிக்க வெக்கப்படுற மனுசன். நான் ஏதும் கேட்டால்தானே அவர் நிக்கலாம்."

அடுத்த முறை டொக்டரிட்டப் பாலேஸ்வரிதான் கதைச்சா.

குழாய் திறக்கிற வேலைக்கு மூண்டரை மணித்தியாலம் எடுத்தது. முன்பக்கத்தால வயர் போகேல்லையாம். அந்தச் சின்னக் குழாய்களுக்குள்ளால பின்பக்கமாய் வந்துதான் அடைப்பைத் திறந்தவையாம்.

ஒரு மாசத்தில இராசரத்தினத்தார் ஒரே மூச்சில கடலடிக்குப் போய்வரத் தொடங்கினார். ஒழுங்கை முகப்பில அலவியின்ர கடையில நிண்டு சொன்னார்: "இனி அந்த மனுசியின்ர வாய்க்குத் தப்பி ஓடலாம்." கடை முழுக்கச் சிரிச்சது.

பாலேஸ்வரிக்குப் பொறுக்கேல்லை. "எல்லாருக்கும் உண்மையைச் சொல்லப்போறன் அக்கா."

"சும்மா இருங்கோ பிள்ளை. வாய்க்காரி எண்ட பேர் எனக்குப் பழகிப்போச்சு. ஏலாதவர் எண்ட பேர் அந்த மனுசனுக்குப் பழகாது."

அடுத்தநாள் ஐஞ்சு மணி. இராசரத்தினத்தார் கையை வீசிக்கொண்டு வாறார். ஹபீலா வேடிக்கை பார்க்க வாசலுக்கே வந்திட்டா.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ!"

அவர் நிக்கேல்லை. வெண்டவர் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு கடந்து போனார்.

அவர் நிக்காமல் போறதை எல்லாரும் பாக்கட்டுமெண்டு யூஜினா அக்கா இன்னொருக்காக் கூப்பிட்டா, ஒழுங்கை முழுக்கக் கேக்க.