வெடிக்கும் பூவரசு

கடைசலுக்கென்று பாகூரில் வெட்டிவந்த பூவரசங்கட்டைகள் நிழலில் வைத்தும் ஏன் வெடிக்கின்றன என்று லூர்துமேரிக்குப் புரியவில்லை. எட்டில் ஏழு போய்விட்டன. ஒவ்வொன்றின் வெட்டுமுகத்திலும் நடுத்தண்டிலிருந்து பட்டைவரை வாய் பிளந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து அண்ணன் டேனியல் வேர்க்கடலை உரிக்கிறான். “இன்னாடி, புருசனே நிக்கல, மரம் எப்புடி நிக்கும்? எட்டாவதும் வெடிக்கட்டும், உன் கடைசல் மெஷின் பழைய இரும்புக்குத்தான்.” தோலை ஊதுகிறான்; அது அவள் தலைமுடியில் ஒட்டுகிறது. எட்டாவது கட்டை ‘டிக்’கென்று முனகுகிறது. மயிரிழை அளவு கீறல். டேனியல் குதூகலமாய் எழுந்துவந்து அதைக் காலால் உருட்டுகிறான். அவன் உட்கார்ந்திருந்தது அதே மரத்தில் நெடுக்காகப் பிளந்த பாதிக்கட்டை. அதில் ஒரு கீறலும் இல்லை. அவளுக்குப் பிடிபடுகிறது. காயும் மரம் சுற்றளவில்தான் அதிகம் சுருங்குகிறது. முழுக்கட்டையில் சுருங்க வழியில்லாமல் வளையம் அறுகிறது; பாதிக்கட்டை திறந்த பக்கமாய்ச் சுருங்கிக்கொள்கிறது. எட்டாவதின் நடுத்தண்டில் ஆப்பை வைத்துச் சம்மட்டியை ஓங்குகிறாள். கட்டை அலறிப் பிளக்கிறது. “நீயே பொளந்துட்டியா, லூசு!” அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவள் மெழுகை உருக்குகிறாள். பச்சைக் கட்டையை நடுவே பிளந்து, நடுத்தண்டைச் செதுக்கி எறிந்து, ஈரம் சட்டென்று வற்றாதபடி முனைகளில் மெழுகு பூசிவைத்தால் வெடிக்காது.